மூணு சார்ஜ், ஒண்ணு காணோம்

ஃபிஜித் தலைநகர் சுவாவில் எனக்கு என்ன வேலை என்பது, தீவின் மறுகோடியில் லோவு கிராமத்தில் இருந்த என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. படம் பார்த்து எண்ணுகிற வேலை என்றேன். சினிமாவா என்று கேட்டாள். சினிமா இல்லையம்மா, கோடு, கோட்டை எண்ண வேண்டும் என்றேன். “கோடு எண்ணவாடி உங்கப்பன் வெயில்ல கரும்பு வெட்டி உன்னப் படிக்க வச்சாரு?” என்றாள். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம்மா, அதற்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் அது கோடு எண்ணுகிற வேலைதான். எங்கோ ஒரு குளிர்நாட்டில், பெரிய இயந்திரம் ஒன்றில் துகள்களை வேகமாக முடுக்கி, திரவம் நிரப்பிய தொட்டிக்குள் மோதவிட்டுப் படம் எடுத்திருந்தார்கள். மின்னூட்டம் உள்ள துகள் போன வழியெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக நிற்கும். மின்னூட்டம் இல்லாதது போனால் போனதுதான், ஒரு தடயமும் இருக்காது. மோதிய இடத்திலிருந்து ஒரு கொத்துக் கோடு கிளம்பும். அங்கே பிறந்தவற்றில் ஏதோ ஒன்று துளி தூரம் போய், ஆயுசு அவ்வளவுதான் என்று சிதையும். சிதைந்த இடத்திலிருந்து இன்னொரு சின்னக் கொத்து கிளம்பும். அந்தச் சின்னக் கொத்தில் எத்தனை கோடு? இதைத்தான் நாளெல்லாம் எண்ணினோம். எது எத்தனையாகச் சிதைகிறது என்று தெரிந்தால் அது எதனால் ஆனது, எப்படி உடைகிறது என்றெல்லாம் கணக்குப் போடலாமாம். போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு முதுகு வலித்தது.

பல்கலைக்கழகத்தில் எங்கள் பௌதிகத் துறையின் வெள்ளைக்கார வாத்தியார் பழைய சிநேகத்தில் கேட்டு வாங்கிய படச்சுருள்கள் அவை. சுவாவின் மழைக்கும் புழுக்கத்துக்கும் சுருளில் பூசணம் பிடித்துவிடும் என்று அந்த அறைக்கு மட்டும் ஏசி வைத்திருந்தார். சுருளுக்குத்தான் ஏசி, எங்களுக்கில்லை என்பதை அவர் மறக்கவே இல்லை. நாங்கள் வெளியே போகும்போது அணைக்கக் கூடாது, உள்ளே குளிர்கிறது என்று குறைக்கவும் கூடாது. இருட்டறையில் வெள்ளை மேசைமேல் படம் பெரிதாக விழும். அதைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் வழிகிற மழைத்தண்ணீரைக்கூட எண்ணத் தோன்றும். சனியன் பிடித்த வேலை. ஆனாலும் யாராவது அதைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் எண்ணிக்கை மற்றவருக்குத் தெரியக் கூடாது. எந்த மனுஷருக்கும் கண் தவறும். இரண்டு பேர் எங்கெங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கெங்கே மாறுபடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் இரண்டு பேருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று கண்டுபிடிக்க முடியும். ஒற்றை ஆள் எண்ணினால் அதை எவரும் மதிக்க மாட்டார்கள். முடிவில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மாறுபட்ட படங்களை மட்டும் திரும்பப் பார்த்துச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த இன்னொருத்தி லாத்தா. நௌசோரிக்குப் பக்கத்தில் வுனிமோனோவிலிருந்து தினம் பஸ் ஏறி வருவாள். என்னைவிட மூத்தவள், முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவர்கள் முஸ்லிம் வீடு. அக்காவை அங்கே லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் இந்திக்கு மாறிவிட்ட பிறகும் எங்கள் இரண்டு வீட்டிலும் எப்படியோ தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. லாத்தாவின் மூன்று பெண்களுக்கு அதுவும் கிடையாது. அம்மாவும் அப்பாவும் தமிழில் பேசினால், திட்டுகிறார்களா கொஞ்சுகிறார்களா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்த அறைக்குள் நாங்கள் பேசியது ஒரு தனித் தமிழ். மின்னூட்டம் என்றெல்லாம் யார் நீட்டி முழக்குவது? கோட்டை ‘சார்ஜ்’ என்போம். நாலு சார்ஜ், ரெண்டு சார்ஜ். சிதைந்த துகள் மின்னூட்டம் இல்லாததாக இருந்தால், அதிலிருந்து கிளம்புகிற கோடுகள் ரெட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் ஜோடி ஜோடியாக அடிபட்டுப் பூஜ்யம் ஆகியாக வேண்டுமே. மின்னூட்டம் உள்ளதாக இருந்தால் ஒற்றைப்படை. ஆகவே ரெட்டை வர வேண்டிய இடத்தில் மூன்று கோடு இருந்தால், நாலாவது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கோட்டுக்கு அடியில் படுத்திருக்கும், அல்லது காமிராவைப் பார்த்து நேரே வந்து புள்ளியாகக் குறுகியிருக்கும். “ஒத்தையா ரெட்டையா?” என்று புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு கேட்கிற மாதிரிதான் லாத்தா கேட்பாள். நான் ஒத்தை என்றால், “நல்லாப் பாருடி, கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு” என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான், இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும் பிடித்தது. ரோட்டுக்கு ரோடு துப்பாக்கி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ்கூட ஓடக் கூடாது. நம்மாட்கள் நாட்டை விட்டே கிளம்பினார்கள். டாக்டர் போனார், டீச்சர் போனார், எங்கள் துறையில் கணக்கு எழுதியவர் போனார், அவர் இடத்துக்கு வந்தவரும் போனார். லோவுவில் எங்கள் வீடு நாந்தி ஏர்போர்ட்டுக்குப் பக்கம் என்பதால், போகிற சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் நாளே வந்து அங்கே தங்குவார்கள். அம்மா பெரிய சட்டியில் கோழிக்கறி வைப்பாள். நான் லீவு போட்டு வந்து பாத்திரம் தேய்ப்பேன். என் அண்ணன் போனபோது அழுதேன். அக்கா போனபோதும் அழுதேன். பிறகு பிறகு, யார் போகிறார்கள் என்பதைவிட எத்தனை பேருக்குச் சோறு என்பதுதான் என் கவலையாக இருந்தது. சலித்துவிட்டது. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டாமா?

வாத்தியார் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, இந்தச் சுருள்கள் நன்றாக முடிந்தால் அடுத்த தொகுதியையும் அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் இருப்பீர்களா என்று கேட்டார். நான் இருப்பேன். லாத்தாவின் கையில்தான் இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

“நான் எங்கடி போவப் போறேன்? கனடாவுலேந்து எங்கக்கா நாங்க அங்க வர்றதுக்கு ரெண்டு தடவ பேப்பர் அனுப்பிட்டா. அவரு எடுத்து அலமாரி மேல வச்சிட்டாரு. மாட்ட விட்டுட்டு ஏர்போர்ட்டுப் பக்கமே வரமாட்டேங்குறாரு. நான் அவருக்கு ரெண்டாந்தாரம். மாடுதான் மூத்த தாரம்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? அந்த அறையில் நான் வாய்விட்டுப் பேசிச் சிரிக்க லாத்தாவை விட்டால் ஆளில்லை. அவள் போனால் எண்ணிக்கையும் போச்சு, பேச்சும் போச்சு. அவள் புருஷரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். பாயும் அவருடைய மாடுகளும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த வீட்டில் எல்லாம் நன்றாக இல்லை. லாத்தாவின் மூத்த பெண்ணை ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைக் கொட்டச் சொல்லிச் சிப்பாய்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டது. லாத்தா அதைச் சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த படத்தைத் திருப்பினாள். போதாததற்கு, பாயின் தம்பி யூனியன்காரன். அவனையும் கூட்டாளிகள் மூன்று பேரையும் தேடுகிறார்கள் என்று தெரிந்து, நாலு பேரும் படகேறி வடக்குத் தீவில் சவுசவு ஊர்ப் பக்கம் போய் ஒளிந்திருந்தார்கள். பிடிபட்டால் சார்ஜ் பண்ணிவிடுவார்கள் என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. இந்த சார்ஜ் எங்கள் சார்ஜ் இல்லை, போலீஸ் வழக்குப் போடுகிற சார்ஜ். ஃபிஜியில் பிறந்த எவருக்கும் அந்த வார்த்தைக்கு முதலில் தோன்றுகிற அர்த்தம் அதுதான். படம் எண்ணுகிற எங்கள் இரண்டு பேரைத் தவிர.

மாறுபட்ட படங்களைத் தீர்க்கிற கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு படம் மிச்சம். மின்னூட்டம் இல்லாத ஒன்று சிதைந்திருக்கிறது, அதில் எனக்கு மூன்று கோடு, லாத்தாவுக்கு நாலு. அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு சண்டை போடும்போதே அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஊரடங்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமே என்று ஓடினாள். வாத்தியாரோ அதை அன்றைக்கே முடித்துக் கொடு, காலையில் அனுப்பப் போகிறேன் என்று வாசலில் நிற்கிறார். என் அறை நடக்கிற தூரம்தான் என்பதால் நான் இருந்தேன். வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு, அவள் வீடு சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி போன் போட்டேன். பாய்தான் எடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் பயம். யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், ஊர் சொல்ல மாட்டார்கள், எல்லாம் சாடையாகத்தான். இந்தியில் பேசினால் சிப்பாய்க்கும் புரிந்துவிடும். ஆகவே நம்மாள் ஒருத்தர் போனில் தமிழ் பேசினாலே ஏதோ ரகசியம் என்று எதிர்முனையில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். எனக்கு அது அந்த நிமிஷம் மண்டையில் உறைக்கவில்லை. நான் எப்போதும் அவர்களோடு தமிழில்தான் பேசுவேன்.

“பாய், லாத்தா வந்தாச்சா?”

“இன்னும் வர்ல தங்கச்சி. பஸ்ஸு லேட்டு. என்ன சமாச்சாரம்?”

“வந்ததும் ஒண்ணு சொல்லுங்க. நாலு இருக்கணும். ஆனா மூணுதான் சார்ஜ் ஆயிருக்கு. ஒண்ணு காணோம்.”

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ இடித்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“மூணு சார்ஜா?” என்றார். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். “யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நானே கண்ணால பாத்தேன்.”

“அல்லாவே. நாலாவது?”

“அதான் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியல. லாத்தாவுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ரெட்டைப்படையா இருந்தாத்தான் கணக்கு நேராவும்னு சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.”

“இப்ப என்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ண முடியாது பாய். காலையில மேல அனுப்பிடுவாங்க.”

போனை வைத்துவிட்டார். என்ன மனுஷர், ஒரு சரிகூடச் சொல்லாமல் வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். லாத்தா திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் படத்தைச் சந்தேகப் பட்டியலில் எழுதி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

அடுத்த சில நாள் லாத்தா வேலைக்கு வரவில்லை. வந்தபோது, வாசலிலேயே நின்று, நாங்க போறோம்டி என்றாள்.

“எங்க?”

“கனடா. அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு.”

ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாடு? வித்துக்கலாம். நிலம்? பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அடுத்த சுருள்? பாய் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். “மனசு மாறிடிச்சு” என்றாள். ஒற்றைக் காலில் நின்ற மனுஷருக்கு ஒரு வாரத்தில் மனசு மாறிவிடுமா! என்னை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறாயே, உனக்கென்ன, அக்காக்காரி இருக்கிறாள், நான் யாரோடு உட்கார்ந்து எண்ணுவேன் என்று கத்தினேன். அவள் தன் நாற்காலியில் போட்டிருந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்துக்கொண்டாள். அவள் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களிலும் வேலைக்கு வந்தாள், எண்ணினாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதற்கிடையில் பாயின் தம்பியும் கூட்டாளிகளும் ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பினார்கள். தேடுவதை விட்டுவிட்டார்களாம். அப்போதும் அவர்கள் பயணம் நிற்கவில்லை. வாத்தியார் மட்டும், இவள் போகாவிட்டால் சொல், அடுத்த தொகுதிக்கு எழுதுகிறேன், இல்லாவிட்டால் மேசையை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்.

போகிற அன்று காலையில் எல்லாரும் எங்கள் லோவு வீட்டில்தான். மூன்று பெண்களும் புது ஷூ போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டுக்குள் இளைத்துப்போய் நின்றார். மாடு இன்னும் விற்கவில்லை, தம்பியிடம்தான் விட்டு வந்திருக்கிறேன் என்றார். கறவை மாடு ஒன்றுக்குக் கன்று போடுகிற சமயமாம்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, நீ அன்னிக்கு போன் பண்ணிச் சொன்னதாலதான் நாங்க இன்னிக்குக் கெளம்புறோம். மூணு பேர சார்ஜ் பண்ணிட்டான், ஒருத்தன காணோம்னு நீ சொன்னப்ப என் உசிரே போயிடிச்சு. நாலும் திரும்பி வந்திடிச்சு, அல்லா காப்பாத்திட்டான். கேஸ கேன்சல் பண்ணிட்டாங்களாம், உங்க லாத்தாதான் சொன்னா. தம்பிகிட்ட அதப் பத்திக் கேக்கவே கூடாதுன்னுட்டா. ஆனா இன்னொரு தடவ சார்ஜ் பண்ண எம்மா நேரம் ஆவும்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அடப்பாவி! நான் சொன்ன கோடு, நான் சொன்ன கணக்கு, இந்த மனுஷர் இதை இத்தனை மாதம் நெஞ்சில் சுமந்திருக்கிறார். வாயைத் திறந்தேன். பாய்க்குப் பின்னால் சமையலறைக் கதவில் லாத்தா நின்றிருந்தாள். சொல்லாதே என்று தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள்.

அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“உனக்குத் தெரியுமா?”

“வீட்டுக்குள்ள நொழஞ்சதும் தெரிஞ்சிடிச்சு. ரெட்டைப்படையா இருக்கணும்னு தங்கச்சி சொல்லிச்சின்னாரு. எந்தக் கோர்ட்டுல ரெட்டைப்படை கேக்குறான்?”

“பின்ன ஏன் லாத்தா சொல்லல? மனுஷன் உசிரோட செத்துக்கிட்டு இருந்திருக்காரு!”

“சொல்ல வாயெடுத்தேன்டி. அந்த நேரம் அவரு நாற்காலிய இழுத்துப் போட்டு, அலமாரி மேலேந்து பேப்பர எடுத்துக்கிட்டிருந்தாரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போயி எத்தினி நாளாச்சு தெரியுமா? நான் அழுது கேட்டேன், கால்ல விழுந்து கேட்டேன். அசையல. நீ போன்ல கோடு எண்ணினே, எந்திரிச்சிட்டாரு. நான் என்னாத்துக்குத் தடுக்கணும்?”

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. டாக்ஸி வந்து ஹார்ன் அடித்தது.

பெட்டிகளை ஏற்றினார்கள். பெண்கள் ஏறினார்கள், லாத்தா ஏறினாள். பாய் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கரும்பையும், அதற்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய மாட்டையும் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று என்னிடம் திரும்பி வந்தார்.

“தங்கச்சி, மனசு கேக்கல. டிக்கட்டு போனாப் போவட்டும், நான் நின்னுடுறேன். இதுங்களும் என்ன விட்டுட்டுப் போவாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கி நீ சொன்னது யாரோ சொல்லிக் கேட்டதா? இல்ல நெசமாலுமே நீ பாத்தியா?”

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் பெட்டிகள் இறங்கும், திங்கட்கிழமை லாத்தா நௌசோரி பஸ்ஸில் வந்து இறங்குவாள், வாத்தியார் அடுத்த தொகுதிக்கு எழுதுவார். டாக்ஸி ஜன்னலில் மூத்த பெண்ணின் முகம் தெரிந்தது. நாங்கள் பேசுகிற தமிழ் புரியாமல், திட்டுகிறார்களா கொஞ்சுகிறார்களா என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. லாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன் பாய்,” என்றேன். “கண்ணால பாத்தேன். மூணு சார்ஜ்.”

அவர் தலையை ஆட்டினார். போய் டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.